சர்வேக்குப் பதில் சொன்னால் முதியோர் பென்ஷன் நின்றுவிடுமா?

ஏற்காடு தாலுகா, நாகலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்:

"எங்க ஊருக்குப் போன வாரம் நாலு பேரு டேப் எடுத்துக்கிட்டு வந்தாங்க. வறுமையைப் பத்தி ஆராய்ச்சின்னாங்க. என்ன சமைச்சீங்க, காப்பித் தோட்டத்துல எத்தனை நாள் வேலை, கடன் எவ்வளவு, ஆடு எத்தனைன்னு ஒண்ணரை மணி நேரம் கேட்டாங்க. என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயசு, முதியோர் பென்ஷன் வருதுங்க. நாம வருமானத்தைச் சொல்லிட்டதால அது நின்னுடும்னு இப்ப ஒருத்தர் சொல்றாரு. ஐநூறு ரூபா குடுத்து, அத்தை கைரேகை வெச்சா பேரைச் சரி பண்ணித் தர்றாராம். என்ன செய்யட்டுங்க?"

கைரேகை வைக்க விடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஆராய்ச்சிக்காக எடுக்கும் சர்வேயால் பென்ஷன் நிற்காது. நிறுத்தும் அதிகாரம் வருவாய்த் துறையில், உங்கள் தாசில்தார் ஆபீஸில் இருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் உங்கள் பதிலை ஆயிரக்கணக்கான வீட்டுப் பதில்களோடு சேர்த்து, பெயரை எடுத்துவிட்டு, கணக்காக மட்டுமே பார்ப்பார்கள். மத்திய அரசின் புள்ளியியல் துறை எடுக்கும் சர்வேயானாலும் இதே கதைதான்; 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, அங்கே சொன்னதைப் புள்ளிவிவரத்துக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ரேஷன் அரிசியைப் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்குமானது. ஆடு எத்தனை என்று சொன்னதற்காக அரிசி நிற்காது.

ஆனால் பயத்தில் பொய் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் மலைக்குத்தான் நஷ்டம். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பழம் பறிக்கும்போது கையில் நாலு காசு இருக்கும். ஆடியில் வந்து கேட்டால் ஒன்றுமிருக்காது. நல்ல சர்வேக்காரர்களுக்கு இது தெரியும். 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை நடந்த அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலேயே காய்கறி, முட்டைக்குக் கடந்த ஏழு நாள், அரிசிக்கு முப்பது நாள், துணிமணிக்கு ஒரு வருடம் என்று பிரித்துப் பிரித்துத்தான் கேட்டார்கள். அவசரக்காரர் யாராவது வந்து 'மாச வருமானம் என்ன?' என்று ஒரே கேள்வியில் முடிக்கப் பார்த்தால், "எந்த மாசத்துக்குங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும்.

இருபது வருடமாக இந்த சர்வே வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு கோபம் உண்டு. கேட்டுவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்து "நீங்கள் சொன்னதிலிருந்து இதைக் கண்டுபிடித்தோம்" என்று சொல்வதே இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், இந்த மலையில் மூன்று மாதம் நடந்து எடுத்த சர்வேயின் முடிவை ஊருக்குத் தமிழில் நாலு பக்கமாவது போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். நடக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கு ஐநூறு ரூபாய் கேட்கிறவருக்கு உங்கள் ஊரில் வேலை இருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் கணக்கில், 2019-21 விவரப்படி, தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம்தான். கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 விஷயங்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. தேவையான கணக்குதான். ஆனால் கையில் எவ்வளவு காசு வருகிறது என்று அதில் கேட்கவே இல்லை. உங்கள் மாமியாருக்குப் பென்ஷனுக்காகத் திறந்த வங்கிக் கணக்கும் அங்கே ஒரு நல்ல அடையாளமாகத்தான் நிற்கும். அந்தப் பென்ஷன் 2023 ஆகஸ்டில்தான் 1,000-லிருந்து 1,200 ஆனது. அதில் எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007-இல் இருந்த அதே 200 ரூபாய். கூட்டுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. இதை மாற்ற வேண்டுமானால் உங்களைப் போன்றவர்கள் சொன்ன உண்மைக் கணக்குதான் ஆதாரம்.

இனி ஒரு விதிவிலக்கு. இதைக் கவனமாகப் படியுங்கள், முடிந்தால் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறாரா, அதே ஊரில் இருக்கிறாரா, ஆதரவில்லாமல்தான் இருக்கிறாரா என்று வருவாய்த் துறை அவ்வப்போது சரிபார்க்கும். அது ஆராய்ச்சி அல்ல, தணிக்கை. வி.ஏ.ஓ.வோ அவர் அனுப்பிய ஆளோ வருவார். வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆராய்ச்சிக்காரர் வீட்டைத் தேடி வருவார், தணிக்கைக்காரர் ஆளைத் தேடி வருவார். கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும். அரிசி என்ன விலை, கடன் யாரிடம் என்றெல்லாம் கேட்க மாட்டார். பாட்டி எங்கே, பாஸ்புக் எங்கே, மகன் என்ன செய்கிறார் என்பார். இங்கே சொல்வதற்குப் பலன் உண்டு. நான் பார்த்தவரை மலையில் பல பென்ஷன்கள் நின்றதற்குக் காரணம் வருமானமே இல்லை. பகலில் அவர் வந்தபோது வீட்டில் எல்லாரும் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள், பாட்டி விறகு பொறுக்கப் போயிருப்பார். பூட்டிய கதவைப் பார்த்து 'ஊரில் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்கு ஒரு கிழவி எத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டியிருக்கிறது! இன்ன தேதியில் வருகிறோம் என்று ரேஷன் கடையில் ஒரு சீட்டு ஒட்டினால் போதும். அதைச் செய்யக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. ஆகவே பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். வந்தவர் பெயரையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த நாளே ஏற்காடு தாலுகா ஆபீஸில் மாமியாரை நேரில் காட்டிவிடுங்கள்.

இப்போது அந்த ஐநூறு ரூபாய்க்காரர். சர்வே எந்த ஊருக்குப் போனாலும் பின்னாலேயே இப்படி ஒருவர் வருவார். 'பேரைச் சரி பண்ணுவது' என்று ஒரு வேலையே கிடையாது. ஐநூறைவிடப் பெரிய ஆபத்து கைரேகை. ஆதார் எண், எந்த வங்கி என்ற விவரம், கைரேகை இந்த மூன்றும் இருந்தால் சின்ன மிஷினில் பணம் எடுத்துவிடலாம். ஓடிபி வேண்டாம், ரகசிய எண் வேண்டாம். மாமியாரின் விரல்தான் செக்புக். ஊருக்கு வரும் வங்கி ஆளிடமும் ஜாக்கிரதை. 'ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்கம்மா' என்றால், முதல் தடவை என்ன ஆயிற்று என்று ரசீது கேளுங்கள். காப்பிச் செடியிலும் மிளகுக் கொடியிலும் உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் போவது உண்மைதான். ஆனால் அதையே சாக்காக வைத்து இரண்டு தடவை பணம் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே பென்ஷன் ஒரு மாதம் வராவிட்டால், முதலில் வங்கியில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். பணம் வரவில்லை என்று உறுதியானால் முதலமைச்சரின் உதவி எண் 1100-க்குப் பேசுங்கள், அல்லது திங்கட்கிழமை சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். மனு ரசீது வாங்காமல் மலை ஏறாதீர்கள். காரணம் சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

நீங்கள் கடிதம் போட்ட பிறகு, ஒருவேளை மாமியார் ஏற்கெனவே ரேகை வைத்துவிட்டிருந்தால், திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். வங்கிக்கு இன்றே போங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் புகார் சொல்லுங்கள். பிறகு ஆதார் உதவி எண் 1947-க்குப் பேசி, ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைப்பது எப்படி என்று கேளுங்கள். பூட்டிவிட்டால் நீங்களாகத் திறக்கும் வரை அந்த ரேகையை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது. பென்ஷன் வாங்கும் நாளில் மட்டும் திறந்துகொள்ளலாம்.