பாரிட்டிக்கு ஒரு தனி டிஸ்க்

அன்புள்ள ஐயா,

வாடிக்கையாளர்களுக்கு எடுக்கும் திருமண வீடியோக்களைச் சேமிக்க ஐந்து டிஸ்குகள் வாங்கியிருக்கிறேன். ஒன்றைப் பாரிட்டிக்கு (ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததை மீட்க உதவும் கணக்குத் தரவுக்கு) மட்டும் ஒதுக்க எண்ணம். பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு முறைகளில், இப்படிப் பாரிட்டிக்குத் தனி டிஸ்க் வைக்கும் ரெய்டு 4 செத்துப்போன முறை, ரெய்டு 5-தான் சரி என்கிறார்கள் நண்பர்கள். எந்த நிறுவன டிஸ்க் நல்லது? பாரிட்டி இருந்தால் தனிப் பிரதி தேவையில்லை அல்லவா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

நிறுவனத்தை விடுங்கள். எல்லா டிஸ்கும் ஒருநாள் போகும்.

‘செத்துப்போன முறை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாட்களாக ரெய்டு 4 பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலேயே இதன் குறை சொல்லப்பட்டிருக்கிறது. சிறு துண்டு ஒன்றை மாற்றப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படிக்க வேண்டும், பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். எந்த டிஸ்கில் எழுதினாலும் பாரிட்டி டிஸ்க் உடன் உழைத்தாக வேண்டும். அங்கே நெரிசல். ரெய்டு 5 பாரிட்டியை எல்லா டிஸ்குகளிலும் பரப்பி அதைக் குறைத்தது. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு தீர்ப்பு எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் சேமிப்புக் கருவிகள் தயாரிக்கும் நெட்ஆப் நிறுவனம் 1990-களில் ரெய்டு 4-ஐயே எடுத்துக்கொண்டது. அவர்களுடைய வாஃபிள் கோப்பு முறை பழைய இடத்தில் திருத்தி எழுதாது. வருகிற மாற்றங்களைச் சேர்த்துவைத்துக் காலி இடத்தில் மொத்தமாக எழுதும். எல்லா டிஸ்குகளிலும் பரவிய ஒரு வரிசை முழுவதையும் ஒன்றாக எழுதும்போது, புதிய தரவிலிருந்தே பாரிட்டியைக் கணக்கிடலாம் என்பதால் பழையதைப் படிக்க வேண்டிய தேவையே எழாது. பூஜ்யங்கள் நிரப்பிய புதிய டிஸ்கைச் சேர்த்தாலும் பாரிட்டி மாறாது. குறை பாரிட்டி டிஸ்கில் இல்லை, எழுதும் விதத்தில் இருந்தது. உங்கள் நண்பர்கள் இதை ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டாமா?

உங்கள் வீடியோக்கள் ஒருமுறை எழுதிப் பலமுறை பார்க்கப்படுபவை. பாரிட்டிக்குத் தனி டிஸ்க் வைக்கும் அன்ரெய்டு போன்ற மென்பொருள் அமைப்பில் ஒவ்வொரு கோப்பும் ஒரே டிஸ்கில் முழுதாக இருக்கும். இரண்டு டிஸ்குகள் சேர்ந்து போனாலும் மிஞ்சியவற்றில் உள்ளவை பிழைக்கும். ரெய்டு 5-இல் கோப்புகள் துண்டுதுண்டாக எல்லா டிஸ்குகளிலும் பரவியிருப்பதால், இரண்டு போனால் அத்தனையும் போகும். இருப்பதிலேயே பெரிய டிஸ்கைப் பாரிட்டிக்குக் கொடுங்கள்.

பிரதி வேண்டாமா என்று எப்படித் தம்பி கேட்க மனம் வந்தது? நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், பாரிட்டி அந்த அழிவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். திருட்டுக்கும் தீக்கும் அது காவல் இல்லை. யாரோ ஒரு பெண்ணின் தாலி கட்டும் காட்சி உங்களிடம் இருக்கிறது, அதை மறுபடி எடுக்க முடியாது. பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். கையில் பணமில்லை என்றால் பாரிட்டியைக் கைவிட்டு, அந்த ஐந்தாவது டிஸ்கில் இன்னும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்காத திருமணங்களைப் பிரதி எடுங்கள். இந்த வாரமே.