ஆணுறை அணிந்திருந்தும் எச்.ஐ.வி. பயம் போகவில்லை, இன்னொரு முறை பரிசோதனை செய்யலாமா?

அறிமுகமில்லாத ஒரு பெண்ணுடன் ஏழு வாரங்களுக்கு முன் ஆணுறை அணிந்து உறவு கொண்டதாகவும், ஆணுறை கிழியவில்லை என்றும், 28ஆம் நாளிலும் 46ஆம் நாளிலும் ஆய்வகத்தில் செய்த நான்காம் தலைமுறைப் பரிசோதனை இரண்டிலும் நெகட்டிவ் வந்ததாகவும், ஆனாலும் நாக்கில் வெண்படலமும் இரவில் வியர்வையும் இருப்பதால் மூன்றாவது முறை செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டாம். நான் மருத்துவர் அல்லன். ஆனால் ஏறக்குறைய இதே நிலையில் நான்கு மாதங்களுக்குள் ஒன்பது முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவன் என்பதால், அந்த ஒன்பதில் எனக்குத் தேவையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான் என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

என் முதல் பரிசோதனை ஐந்தாம் நாளில் நடந்தது. அது எதையும் சொல்லக்கூடிய நாளே இல்லை. கிருமி உடலுக்குள் நுழைந்த பிறகு பி24 என்ற ஆன்டிஜெனும் (கிருமியின் புரதம்), அதற்குப் பின் ஆன்டிபாடியும் (கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம்) கண்டறியும் அளவுக்கு ரத்தத்தில் சேரச் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியைத்தான் விண்டோ பீரியட் என்கிறார்கள். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை இரண்டையும் தேடுவதால் 45 நாட்களில் அதன் முடிவை நம்பலாம். ஆன்டிபாடியை மட்டும் தேடும் பரிசோதனைக்கும், விரல் நுனியில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கும் 90 நாட்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது முடிவு 46ஆம் நாளுக்குரியது. உண்மையிலேயே ஆபத்தான தொடர்பு நேர்ந்தவர் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் 28 நாட்கள் சாப்பிடும் தடுப்பு மருந்து உண்டு என்பதை, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது அது அன்று. தொற்றுள்ள, சிகிச்சை எடுக்காத பெண்ணுடன் ஆணுறையே இல்லாமல் ஓர் ஆண் ஒரு முறை யோனிவழி உறவு கொண்டால்கூட, தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் நான்கு என்பதே மருத்துவக் கணக்கு. நீங்கள் ஆணுறையும் அணிந்திருந்தீர்கள்.

அறிகுறிகளைப் பற்றி: தொற்று ஏற்பட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, நெறிகட்டுதல் ஆகியவை சிலருக்கு வரும், பலருக்கு வருவதே இல்லை, இவை எல்லாம் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும். ஆகவே கண்ணாடி முன் நின்று நாக்கைப் பார்த்து யாரும் முடிவுக்கு வர முடியாது. எனக்கு ஆறு கிலோ எடை குறைந்தது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, நள்ளிரவில் சட்டை நனைந்தது. எல்லாமே சாப்பிடாமலும் தூங்காமலும் பயந்து கிடந்ததால் வந்தவை.

தனியார் ஆய்வகத்தில் தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடைசியாகத்தான் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். அங்கே பரிசோதனை இலவசம். முன்பும் பின்பும் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். நம் சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது என்பதற்கு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமும் இருக்கிறது. என் பழைய முடிவுகளை எல்லாம் பொறுமையாகப் பார்த்த அந்த அம்மா, "தம்பி, நோய் வந்திருமோன்னு பயப்படுறீங்களா, இல்ல நடந்தது வீட்டுக்குத் தெரிஞ்சிருமோன்னா?" என்று கேட்டார். எனக்கு அப்போது வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல முடியாமல் அழுதேன். செய்தது தப்பு, அதற்குத் தண்டனை வந்தே தீரும் என்று நான் உள்ளுக்குள் தீர்மானித்திருந்தேன். அந்தத் தீர்மானத்தை எந்த ஆய்வகத் தாளாலும் மாற்றியிருக்க முடியாது.

அந்தக் கூடத்தில் என் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியுடன் அமர்ந்திருந்த பெண், எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை மாதந்தோறும் வாங்க வருபவர். 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் சிகிச்சை அது. தொடர்ந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் வழியாகப் பிறருக்குத் தொற்றாது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அவரைப் பார்த்தபோது, இவரைப் போன்றவர்களின் வாழ்க்கையைத்தான் நான்கு மாதங்களாகத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆலோசகர் என்னை அதே வளாகத்தில் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். ஒவ்வொரு நெகட்டிவ் முடிவும் இரண்டு நாள் நிம்மதி தந்து, பிறகு 'என் ரத்தம் இருந்த குப்பி வேறொருவருடையதோடு மாறியிருக்குமோ' என்ற அடுத்த சந்தேகத்தைக் கிளப்புவதும், அதைத் தணிக்க மீண்டும் ரத்தம் கொடுப்பதும் ஒரு சுழற்சி என்றும், நிறுத்தினால்தான் அது அறும் என்றும் அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். சில மாதங்கள் மாத்திரையும் பேச்சும் தேவைப்பட்டன. முதல் மூன்று வாரங்கள் மிகவும் கடினமாக இருந்தன; பிறகு தூக்கம் வந்தது.

சிபிலிஸ் போன்ற பிற பால்வினைத் தொற்றுகளை ஆணுறை முழுமையாகத் தடுப்பதில்லை என்பதால், அவற்றுக்கு ஒரு முறை மட்டும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நேரில் போகத் தயக்கம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசலாம். மூன்றாவது பரிசோதனைக்காக ஒதுக்கி வைத்திருக்கும் அந்தக் காலை நேரத்தில், மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.