ஐந்தாண்டில் வலமிருந்து இடத்துக்கு: மக்களின் கொள்கை மாறியதா?

கேள்வி: காரைக்குடியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். பிரிட்டனில் 2019-இல் வலதுசாரிகளும் 2024-இல் இடதுசாரிகளும் பெருவெற்றி பெற்றதைச் சொன்னபோது, “ஐந்து வருஷத்துல ஒரு நாட்டு ஜனங்களோட கொள்கையே மாறிடுமா, சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு எதைக் காட்டி விளக்குவது?

பதில்: உங்கள் மாணவியின் ஐயம் நியாயமானது; கொள்கை அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. 1789-இல் பிரெஞ்சு தேசிய அவையில் அரசரின் அதிகாரத்தை ஆதரித்தோர் தலைவருக்கு வலப்புறமும் எதிர்த்தோர் இடப்புறமும் அமர்ந்ததால் வந்த இந்தப் பெயர்கள், அவையில் அமர்பவர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு, வீட்டுச் செலவையும் பிள்ளையின் வேலையையும் எண்ணி வாக்குச்சாவடிக்குப் போகிறவருக்குப் பொருந்துவதில்லை.

முதலில் வென்ற இடங்களின் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு வாக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பகுதிப் பழைய வீடுகளில் ஐந்தொகை என்னும் இறுதிக் கணக்கில் ஐயம் வந்தால் பேரேட்டைப் புரட்டிப் பற்று வரவைச் சரிபார்ப்பார்கள். தேர்தல் முடிவையும் அப்படித்தான் படிக்க வேண்டும். இடதுசாரியான தொழிற்கட்சி 2019-இல் 32.1 சதவீத வாக்குகளுடன் 202 இடங்களையும், 2024-இல் 33.7 சதவீதத்துடன் 411 இடங்களையும் பெற்றது. இடங்கள் இரு மடங்கானபோதும், வாக்களிக்க வந்தோர் குறைந்ததால், அக்கட்சி பெற்ற மொத்த வாக்குகள் ஒரு கோடிக்கு மேலிருந்து ஏறத்தாழ 97 லட்சமாகக் குறைந்தன. வலதுசாரியான கன்சர்வேடிவ் கட்சி 43.6 சதவீதத்திலிருந்து 23.7-க்குச் சரிந்தது, அதற்கும் வலப்புறம் நிற்கும் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. வலதுசாரி வாக்குகள் பிளந்ததும், ஆட்சியின் மீது சலிப்புற்ற பலர் வீட்டிலேயே இருந்துவிட்டதும் சேர்ந்து, ஒரு நாடே இடப்பக்கம் திரும்பியது போன்ற தோற்றத்தைத் தந்தன.

வாக்காளர்கள் உண்மையிலேயே பெருமளவில் இடம் மாறிய தேர்தலுக்கு இலங்கையைக் காட்டுங்கள். முன்னோர் கொழும்புச் செட்டியார் தெருவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய குடும்பங்கள் நம்மிடையே உண்டு, பிள்ளைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 2020-இல் ராஜபக்ச சகோதரர்களின் பொதுஜன பெரமுன 145 இடங்களையும், மார்க்சியக் கட்சியான ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 3 இடங்களையும் பெற்றன. 2024-இல் முன்னது 3 இடங்களுக்குச் சுருங்க, பின்னது 159-ஐப் பிடித்தது. அங்கு வாக்குப் பங்குக்கேற்ப இடங்கள் பிரியும் விகிதாசார முறை என்பதால் இதைத் தொகுதிக் கணக்கின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. இடையில் நடந்தது 2022: பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை, சமையல் எரிவாயுத் தட்டுப்பாடு, காகிதம் இல்லாமல் தள்ளிவைக்கப்பட்ட பள்ளித் தேர்வுகள். அந்த வரிசையில் காலி சிலிண்டருடன் நின்றவர் மார்க்சியம் படித்து மனம் மாறினார் என்று நான் நம்பவில்லை. அதுவரை மாறி மாறி ஆண்ட இரு தரப்பினரையும் தண்டிக்க, ஆட்சிக் கறை படியாத ஒரு தரப்பை அவர் தேடினார்.

மேற்கு வங்கத்தில் நடந்தது வேறு வகை. 34 ஆண்டுகள் ஆண்ட இடதுசாரிகளின் வாக்கு, 2014 மக்களவைத் தேர்தலில் இருந்த சுமார் 30 சதவீதத்திலிருந்து 2019-இல் 7 சதவீத அளவுக்கு வீழ்ந்தது; பாரதிய ஜனதா 17-இலிருந்து 40-ஐத் தொட்டது. உள்ளூரில் திரிணமூலை எதிர்த்தவர்கள், அதை வீழ்த்தும் வலிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதே என் கணிப்பு.

அடையாளம் சார்ந்த மாற்றங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதிகள் பல, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் என்னும் அடையாளப் பிரச்சினை முன்னுக்கு வந்த 2019-இல் தொழிற்கட்சியைக் கைவிட்டன. கூலியும் வரியும் பின்னுக்குப் போய், ‘நாம் யார்’ என்ற கேள்வி முன்னே வரும்போது பழைய பிணைப்பு அறுகிறது.

இனி நம் மாவட்டம். சட்டமன்றத் தேர்தல் என்றாலும் இதையே பாடத்தின் தொடக்கமாக வையுங்கள். 2001-இல் காரைக்குடியில் பாரதிய ஜனதா வென்றது. 2006-இல் அங்கே காங்கிரசும், சிவகங்கையில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும் வென்றன. மூவரும் திமுக கூட்டணி வேட்பாளர்கள். 2011-இல் கம்யூனிஸ்ட் மீண்டும் சிவகங்கையில் வென்றபோது அவர் அதிமுக கூட்டணியில் இருந்தார். கட்சிப் பெயரை மட்டும் படிப்பவர், மாவட்டம் வலமிருந்து இடத்துக்குத் தாவியதாக எழுதிவிடுவார். கூட்டணி என்ற பத்தியைச் சேர்த்துக் கரும்பலகையில் எழுதினால் மாணவியின் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். வீட்டிலும் தெருவிலும் ஐந்து பெரியவர்களிடம், “எதை நினைத்து ஓட்டுப் போட்டீங்க?” என்று மட்டும் கேட்டு, பெயர் குறிக்காமல் எழுதிவரட்டும். யாருக்குப் போட்டார்கள் என்பது அவர்களின் ரகசியம். அதைக் கேட்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.