ஆடியில் தந்த பம்ப் தையிலும் முடியவில்லையா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. தொய்வு (ஆஸ்துமா). மாரி தொடங்கினால் இரவில் இருமலும் இழுப்பும்தான். இந்த மாரியில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். வாழைப்பழம், தயிர், ஐஸ்கிரீம் எல்லாம் நிறுத்திவிட்டேன். இன்ஹேலர் பம்புக்குப் பழகினால் பிறகு விட முடியாது என்கிறார் மாமி. நானும் கவனமாகத்தான் பாவிக்கிறேன்; காலையும் இரவும் இரண்டிரண்டு தரம் அடிக்கச் சொல்லி ஆடித் தொடக்கத்தில் தந்த மண்ணிறப் பம்பே இன்னும் முடியவில்லை. நீலம்தான் கெதியாக முடிகிறது. இதை அடியோடு மாற்ற என்ன வழி?
ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, வாழைப்பழத்தை விடுங்கள். "மண்ணிறப் பம்பே இன்னும் முடியவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

அந்தப் பம்பில் பொதுவாக 200 தரம் அடிக்க மருந்து இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு என்றால் 50 நாளில் முடிய வேண்டும். ஆடித் தொடக்கத்திலிருந்து தை வரை ஏறக்குறைய 180 நாள். 720 தரம் போயிருக்க வேண்டிய மருந்து, உங்கள் மகனின் நெஞ்சுக்குள் 200 தரம்கூடப் போகவில்லை. நான்காவது பம்ப் நடக்க வேண்டிய நேரத்தில் முதலாவதே மிச்சம். அரிசியையும் சீனியையும் இப்படி மிச்சம் பிடித்தால் கெட்டிக்காரி என்பேன். இது கவனம் இல்லை, தங்கச்சி. பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் விட்டது.

தொய்வுக்காரப் பிள்ளையின் மூச்சுக்குழாய், இழுப்பு இல்லாத நாளிலும் உள்ளே வீங்கித்தான் இருக்கும். மண்ணிறம் அந்த வீக்கத்தை ஆற்றுவது; அதற்குக் கிழமைகள் எடுக்கும். நீலம் இறுகின குழாயைச் சில நிமிடத்தில் தளர்த்தும், நாலைந்து மணித்தியாலம் தாங்கும், வீக்கத்தைத் தொடாது. நீலம் கெதியாக முடிகிறதென்றால் பயப்பட வேண்டும். தொய்வால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2014இல் பிரித்தானியாவில் வெளியான அறிக்கையிலும் இதுதான் பலரிடம் தெரிந்தது: நீலம் அளவுக்கு மேலே, தடுப்பு மருந்து அளவுக்குக் கீழே.

மாமியோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. ஆனால் மண்ணிறப் பம்பில் பழக்கமாக்கும் மருந்து இல்லை. இருப்பது மைக்ரோகிராம் கணக்கில் ஸ்டீரொயிட். அதனால் முதல் வருடத்தில் வளர்த்தி அரை சென்ரிமீற்றர் அளவில் குறையலாம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடும் இழுப்புக்கு ஆஸ்பத்திரியில் தரும் பிரட்னிசலோன் மில்லிகிராம் கணக்கில் முழு உடம்புக்கும் போகிறதே? பம்பை மிச்சம் பிடித்து அதற்குத்தான் வழி விடுகிறீர்கள்.

இன்னொன்று. பிள்ளையின் அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. மருந்து கொடுப்பது தாய்க்கு மட்டும் எழுதி வைத்த வேலையா? இரவு மருந்தை அவர் கொடுக்கட்டும். பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் குழாய்) பொருத்தி, ஒரு தரம் அடித்து, பிள்ளை ஆறுதலாக ஐந்து மூச்சு எடுக்கும்வரை எண்ணி, அதற்குப் பிறகுதான் அடுத்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினதும் குசினிக் கலண்டரில் அந்தத் திகதிக்கு ஒரு கோடு.

என் தம்பிக்கும் இதே வருத்தம். கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள் காதுவரை ஏறி இறங்க, விடியும்வரை இருப்பான். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருப்பா. அன்றைக்கு எங்கள் வீட்டில் இந்த மருந்து இருக்கவில்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

அடியோடு மாற்றும் மருந்து கிடையாது. கட்டுப்பாட்டில் வைக்கலாம், வளர வளரக் குறைகிற பிள்ளைகளும் நிறைய. நுளம்புத்திரி, சாம்பிராணிப் புகை, பூஞ்சணம் பிடித்த சுவரோரப் படுக்கை, இவற்றை விலக்குங்கள். விலாவுக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டால், பேசத் தொடங்கிய வசனத்தை முடிக்க முடியாமல் திணறினால், நீலம் அடித்தும் தணியாவிட்டால், விடியட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்கள்.

இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியோடும் இரண்டு பம்போடும் போங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆறு மாதமாக ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால், கொடுத்தும் கேட்கவில்லை என்று நினைத்து அவர் மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்.