டன்விச் மடத்துச் சுவர்: கேட்டவர்களுக்குப் பதில்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில், டன்விச் என்று ஒரு சின்ன ஊர். பிச்சை வாங்கி வாழ்ந்த கிறிஸ்தவத் துறவிகளான பிரான்சிஸ்கன் சபையாருக்கு அங்கே ஒரு மடம் இருந்தது. கடலோர மேட்டில் நிற்கும் அதன் இடிபாட்டின் படங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் கேள்வி அனுப்பியிருந்தீர்கள்.

சார், வாசல் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு?

பெரியது வண்டிக்கு, சின்னது ஆளுக்கு. அவ்வளவுதான். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு வாசலைவிட மதில்தான் பெரிசு.

அப்படி என்ன இருக்கிறது அந்த மதிலில்?

கல்லைப் பாருங்கள். சஃபோக்கில் செதுக்கிக் கட்டத் தோதான பாறை கிடையாது. கிடைப்பது சக்கிமுக்கிக் கல். வயலிலும் கடற்கரையிலும் பொறுக்கலாம். தோல் வெள்ளையாக இருக்கும், உடைத்த முகம் கண்ணாடி மாதிரி கருத்து மின்னும். இந்தக் கல் தண்ணீரை உறிஞ்சாது. சுண்ணாம்புச் சாந்தோ ஆற அமரத்தான் இறுகும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் உயர்த்தினால் சுவர் பிதுங்கிச் சரிந்துவிடும். அதனால் கொஞ்சம் கட்டி, இறுகவிட்டு, அதன்மேல் கட்டுவார்கள். வளைவுக்கும் மூலைக்கும் மட்டும் செதுக்கிய கல் போடுவார்கள். அது வெளியூரிலிருந்து வரவேண்டிய சரக்கு. மடம் மூடியதும் முதலில் களவு போவதும் அந்தக் கல்தான். சக்கிமுக்கிக் கல்லை யார் திருடப்போகிறார்கள்?

கடல் அரிக்கிற இடம் என்று தெரிந்தும் ஏன் அங்கே போய்க் கட்டினார்கள்?

அவர்கள் கட்டியபோது அது கடலோரம் இல்லை, தம்பி. முதல் மடம் 1277-க்கு முன்பே, கடலுக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது. 1280-களின் பிற்பகுதியில் அடித்த புயலில் ஊரே கலங்கியது. 1290-இல் ஊர்க்காரர்கள், ஊர் அகழிக்கு வெளியே, மேற்கே தள்ளி, ஏறக்குறைய ஏழு ஏக்கர் கொடுத்தார்கள். அப்போது மடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெரிய துறைமுக நகரமே இருந்தது. 1328 புயலில் துறைமுக வாய் அடைபட்டது. வியாபாரம் போனது, தெருத்தெருவாக நகரமும் கடலுக்குள் போனது. ஊர் எல்லைக்கு வெளியே ஒதுங்கியிருந்த மடம் இன்று கடலைப் பார்த்தபடி நிற்கிறது. இதே ஊரில் டொமினிக்கன் என்ற வேறொரு துறவிச் சபையின் மடமும் இருந்தது. அது கடலுக்குள் போய்விட்டது.

பிச்சை எடுத்து வாழ்ந்தவர்களுக்கு ஏழு ஏக்கரும் மதிலும் எதற்கு?

நல்ல குத்தல்! அந்தக் காலத்திலேயே கேட்டார்கள் இதை. அதற்கு முந்தைய துறவிச் சபைகளில் பலவும் ஊரைவிட்டு விலகி, பண்ணை நிலத்தில் வாழ்ந்தன. பிரான்சிஸ்கன் சகோதரர்கள் ஊருக்குள் நடந்து பிரசங்கம் செய்து, கொடுத்ததை வாங்கிச் சாப்பிட வேண்டியவர்கள். ஆனாலும் கோயில், உணவுக்கூடம், தோட்டம், கல்லறை என்று எல்லாம் வேண்டியிருந்ததே.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிதான் மடத்தை இடித்தாரா?

1538-இல் மூடவைத்தது அவருடைய ஆட்சி. கூரையில் ஈயம் இருக்கும். அதற்கு நல்ல விலை. கோயில் தரைமட்டமாகிவிட்டது, அஸ்திவாரம் புல்லுக்கு அடியில் கிடக்கிறது. இப்போது நீங்கள் பார்க்கும் கட்டடம் மடத்தின் தெற்குச் சிறகு. அது பிழைத்ததற்குக் காரணம் பக்தி இல்லை, உபயோகம். வீடாக இருந்தது, பிறகு ஊர் மன்றம், சிறை. ஆள் புழங்கினால் ஒழுகும் இடத்தை யாராவது அடைப்பார்களே.

நான் மயிலாப்பூர்க்காரன். இந்தச் சபைக்கு நம் பக்கம் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் அதே சமயத்தில்! டன்விச்சில் புது மடம் எழும்பிய ஆண்டுகளில்தான் மோன்டேகோர்வினோ ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி சீனா போகும் வழியில் இந்தியாவில் 13 மாதம் தங்கினார். புனித தோமையார் கோயில் இருக்கும் நாடு என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது மயிலாப்பூர் என்றே கொள்கிறார்கள். கூட வந்த டொமினிக்கன் துறவி நிக்கோலஸ் இறந்துபோக, அந்தக் கோயிலிலேயே அடக்கம் நடந்தது.

மூழ்கிப்போன கோயில்களின் மணி கடலுக்கடியில் கேட்குமாமே அண்ணா?

கேட்டவர்களை எனக்குத் தெரியாது. வெண்கலத்தின் விலை தெரிந்த ஊர்க்காரர்கள் மணியை மூழ்கவிட்டிருப்பார்களா? கல் மட்டும் உண்டு. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஒலியலைக் கருவி வைத்துக் கோயில்களின் இடிபாடுகளைக் கண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் சேறாகக் கலங்கியது. கண்ணால் பார்ப்பது கஷ்டம்.

மடமும் விழுந்துவிடுமா?

கரை வெறும் மணலும் சரளையும். பக்கத்திலிருந்த ஆல் செயின்ட்ஸ் கோயில் 1904-இல் சரியத் தொடங்கி, 1919-இல் கோபுரத்தோடு முடிந்தது. கணக்காக வருஷத்துக்கு இவ்வளவு என்று அரிக்காது. சில வருஷம் சும்மா இருக்கும், ஒரே புயலில் பெரிய துண்டாக விழும். ஒருநாள் மடத்துக்கும் முறை வரும்.

குழந்தைகளோடு போகலாமா?

தாராளமாக. டார்ஷம் ரயில் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடியுங்கள். முதலில் ஊர் அருங்காட்சியகத்தில் பழைய நகரத்தின் மாதிரியைக் காட்டிவிடுங்கள், பிறகு மேட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்குப் புரியும். மேட்டில் அவர்களின் கையை விடாதீர்கள். விளிம்பு அடியில் குடைந்திருக்கும்; மேலே நிற்பவருக்கு அது புல்தரையாகத்தான் தெரியும்.