சர்வீஸில் வேகம் இல்லையென்றால் டென்னிஸை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. ஜூனியர் போட்டிகளில் நிறைய கோப்பை வாங்கியவன், ஒன்றரை வருடமாகப் பெரியவர்கள் ஆடும் போட்டிகளில் முதல் சுற்றைத் தாண்டவே திணறுகிறான். சர்வீஸில் வேகம் போதாது என்கிறார் கோச். “ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்த ரமேஷ் கிருஷ்ணனே ஒரு கிராண்ட்ஸ்லாம் வாங்கவில்லை, இவன் எந்த மூலைக்கு?” என்கிறார் என் கணவர். மகன் வாயே திறப்பதில்லை. நிறுத்திவிடச் சொல்லலாமா?

பதில்: உங்கள் கணவர் சொன்ன பெயரிலிருந்தே தொடங்குகிறேன். நான் உயிராக ரசித்த ஆட்டக்காரர் அவர். அவரைத் தோற்றவர்கள் கணக்கில் எழுதினால் என் மனசு ஆறாது.

1979-இல் ரமேஷ் ஜூனியர் விம்பிள்டன், ஜூனியர் பிரெஞ்சு ஓபன் இரண்டையும் வென்றார். அதே ஜூனியர் விம்பிள்டனை 1954-இல் வென்று, பிறகு பெரியவர்கள் பிரிவில் இரண்டு முறை அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன் அவருடைய அப்பா. அந்தப் பெயரின் சுமையோடுதான் மகன் களமிறங்கினார். தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 23. விம்பிள்டனில் ஒரு முறை, அமெரிக்க ஓபனில் இரண்டு முறை காலிறுதி.

இத்தனைக்கும் அவர் சர்வீஸ் மெதுவானது என்பது ஊரறிந்த விஷயம். பந்தை ஆட்டத்துக்குள் கொண்டுவர அது ஒரு வழி, அவ்வளவுதான். அதன் பிறகு நடப்பதுதான் அழகு. பந்து எழும்பும்போதே முன்னால் போய்ச் சந்திப்பார். ராக்கெட்டைப் பின்னால் கொஞ்சம்தான் இழுப்பார். எதிராளியின் வேகத்தையே வாங்கிக் கோட்டோரமாகத் திருப்பிவிடுவார். ஓங்கி அடித்தவர் ஒரு பக்கம் நிற்க, பந்து மறுபக்கம் போய்க்கொண்டிருக்கும். 1987-இல் சிட்னியில், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையின் அரையிறுதி 2-2 என்று நின்றபோது, கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் வாலி மசூரை வீழ்த்தி இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனது இந்தக் கைதான். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த நடப்பு சாம்பியன் மாட்ஸ் விலாண்டரை இரண்டாவது சுற்றிலேயே வெளியேற்றியதும் அதே கைதான்.

அதற்காக உங்கள் மகனும் அப்படி வந்துவிடுவான் என்று ஆசை காட்ட மாட்டேன். இன்றைய ராக்கெட்டும் அதில் கட்டும் நரம்பும் ஆட்டத்தின் வேகத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டன. மெதுவான சர்வீஸுக்கு இன்று விலை அதிகம். ஆனால் நீங்கள் கோச்சிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “பந்து ஆட்டத்துக்குள் வந்த பிறகு இவன் பாயின்ட்டை எப்படி எடுக்கிறான்?” ஜூனியர்களில் பலர், பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டே எதிராளியைத் தப்புச் செய்யவைத்து ஜெயிக்கிறார்கள். பெரியவர்கள் அப்படித் தப்புச் செய்வதில்லை. உங்கள் மகன் மாட்டிக்கொண்டிருப்பது அங்கேயாக இருக்கலாம். இரண்டு மேட்ச்சுக்கு ஒரு நோட்டோடு உட்காருங்கள். அவனாக உருவாக்கிய பாயின்ட் எத்தனை, எதிராளி கொடுத்தது எத்தனை என்று குறித்துக் கோச்சிடம் காட்டுங்கள்.

படிப்பா ஆட்டமா என்று அவனை இன்றே ஒரு பக்கம் தள்ளவும் வேண்டாம். நம் நாட்டு ஆட்டக்காரர் சோம்தேவ் தேவ்வர்மன் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடி, 2007, 2008 இரண்டு வருடமும் அங்கே கல்லூரி ஒற்றையர் சாம்பியன் ஆனார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 2011-இல் உலகத் தரவரிசையில் 62-ஆம் இடம் வரை போனார். கீழ்மட்டப் போட்டிகளின் பரிசுப் பணம் பயணச் செலவுக்கே போதாது என்பதால், உங்கள் கணவரின் கவலையும் நியாயமானதுதான். கல்லூரி டென்னிஸ் அந்தக் கவலைக்கும் பதில். ஆனால் விண்ணப்பமும் தேர்வும் நேரம் எடுக்கும். இப்போதே விசாரியுங்கள்.

மகன் பேசாததுதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது. அடுத்த போட்டிக்கு அவன் அப்பாவும் கூட வரட்டும். தோற்றால், வீடு வந்து சேரும்வரை யாரும் மேட்ச்சைப் பற்றி வாயெடுக்க வேண்டாம். அவனாக ஆரம்பிக்கும்போது, குறுக்கே பேசாமல் முழுசாகக் கேளுங்கள். அவன் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.