அகராதியில் இருந்தால் போதுமா?

கேள்வி: ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் "எனக்குப் புரியவில்லை", "நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்" என்று சிலர் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. சொல்லின் பொருளை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளாத சோம்பேறித்தனம்தானே இது? இதற்காக எழுதுகிறவர் வளைந்துகொடுக்க வேண்டுமா?
ஒரு வாசகர்

பதில்: வளைந்துகொடுக்கத்தான் வேண்டும். சோம்பேறிகள் என்று நீங்கள் கொடுக்கும் பட்டத்தையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. மோசே தன் பேழையில் ஒவ்வொரு வகை விலங்கிலும் எத்தனை ஏற்றிக்கொண்டார்?

"இரண்டு" என்று மனசுக்குள் சொல்லியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். பேழை கட்டியவர் நோவா. எரிக்சன், மாட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981இல் இந்தக் கேள்வியை வைத்துத்தான் சோதனை செய்தார்கள். நோவாவின் கதை நன்றாகத் தெரிந்தவர்களிலேயே பலர் "இரண்டு" என்றார்கள். மோசேயும் நோவாவும் ஒரே விவிலியத்தின் பெரியவர்கள். இருவருக்கும் கடவுளின் கட்டளை உண்டு, இருவர் கதையிலும் தண்ணீர் உண்டு. அந்த அளவுக்குப் பொருந்தியதுமே மனம் திருப்திப்பட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. சம்பந்தமே இல்லாத ஒரு பெயரை அங்கே வைத்தால் சட்டென்று பிடித்துவிடுகிறோம். ஆக, படிக்கும்போது நாம் ஒவ்வொரு சொல்லின் முழுப் பொருளையும் எடுத்துச் சரிபார்ப்பதில்லை. வாக்கியத்துக்குப் போதுமான அளவு எடுத்துக்கொள்கிறோம். இது படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பொது.

இனி உங்கள் அகராதிக்கு வருகிறேன். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிப் போனால் இன்னொரு சொல் கிடைக்கிறது. அதன் பொருளைத் தேடினால் மூன்றாவது ஒன்று. இந்தச் சிக்கலைத் தொல்காப்பியர் உரியியலில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே." பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் முடிவு கிடையாது. எங்கேயோ ஓர் இடத்தில், கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் போய் அது நின்றாக வேண்டும். அதே இடத்தில் இன்னொரு சூத்திரமும் இருக்கிறது: "உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே." புரிந்துகொள்ளும் வழி புரிந்துகொள்பவரின் வலிமையைச் சார்ந்தது என்கிறார். நம் இலக்கணத்தின் தலைநூலே கேட்பவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்போது, எழுதுகிற நாம் அவரை விட்டுவிட முடியாது.

சரி, சொல் காதில் விழுந்ததும் உள்ளே என்னதான் நடக்கிறது? இதைக் காட்ட டேவிட் ஸ்வின்னி 1979இல் வெளியிட்ட சோதனையைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் பூச்சியையும், அறையில் ஒளித்துவைக்கும் ஒட்டுக்கேட்புக் கருவியையும் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். "அறையின் மூலையில் சிலந்திகளும் கரப்பான்களும் மற்ற பூச்சிகளும் இருந்தன" என்ற மாதிரி ஒரு வாக்கியத்தை ஆட்களுக்கு ஒலிக்கவிட்டார். சிலந்தி, கரப்பான் எல்லாம் முன்னாலேயே வந்துவிட்டதால் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த இரட்டைப் பொருள் சொல் ஒலித்து முடிகிற அதே நொடியில் திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது ஒரு சொல்லா, வெறும் எழுத்துக் கூட்டமா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். "எறும்பு" என்று வந்தால் வேகமாக அழுத்தினார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் "உளவாளி" என்று வந்தபோதும் அதே மாதிரி வேகமாக அழுத்தினார்கள்! சம்பந்தமில்லாத சொற்களுக்கு இந்த வேகம் இல்லை. அப்படியென்றால் பூச்சிகளைப் பற்றிய வாக்கியத்தின் நடுவிலும் ஒட்டுக்கேட்புக் கருவி ஒரு கணம் மனதில் எழுந்திருக்கிறது. மூன்று அசை தள்ளி அதே சோதனையைச் செய்தபோது "உளவாளி"க்கு இருந்த வேகம் போய்விட்டது, "எறும்பு" மட்டும் நின்றது. கேட்டவர்களுக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது.

"வெள்ளம் வந்து ஆறு கரை புரண்டது" என்று படிக்கிறோம். எண் ஆறு நம் நினைவுக்கு வந்ததாகவே தோன்றுவதில்லை. ஸ்வின்னி காட்டியது இங்கேயும் பொருந்துமானால், அதுவும் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கும். வேண்டாததைக் கழித்துக்கட்டும் இந்த வேலையை நாம் ஒவ்வொரு வரியிலும் செய்துகொண்டிருக்கிறோம். இதைச் செய்பவர்களையா சோம்பேறிகள் என்கிறீர்கள்?

பின்னால் வந்தவர்கள் இதில் ஒரு திருத்தம் சொன்னார்கள். ஒரு சொல்லின் எல்லாப் பொருள்களும் சம வேகத்தில் எழுவதில்லை. எது அதிகம் புழங்குகிறதோ அது முந்திக்கொள்ளும். எழுதுகிறவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். "அவள் நகையை மறைத்துக்கொண்டாள்" என்று ஒரு கதையில் எழுதுங்கள். நகை என்றால் சிரிப்பு என்று எந்த அகராதியும் சொல்லும். ஆனால் படிப்பவர் கழுத்தில் கிடப்பதையோ கையில் கிடப்பதையோதான் நினைப்பார். சிரிப்பு என்ற பொருளை இன்றைய பேச்சில் புன்னகை, நகைச்சுவை போன்ற சொற்கள்தாம் தாங்கிக்கொண்டிருக்கின்றன. தனியாக வரும் நகைக்கு அந்தப் பலம் இல்லை. அகராதி இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகிறது. வாசகர் மனதில் அவை ஒரே எடையில் இல்லை. அந்த வரியைப் படித்துத் திருடி என்று நினைத்துக்கொள்ளும் வாசகரிடம் எந்தக் குற்றமும் இல்லை. வரியைத்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லின் பொருள் தனி, உலகத்தைப் பற்றிய அறிவு தனி என்ற எண்ணம் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது. முதலில் சொற்பொருள், அப்புறம் மற்றதெல்லாம் என்று. மூளை அப்படி வேலை செய்வதாகத் தெரியவில்லை. பொருந்தாத ஒரு சொல்லைப் படிக்கும்போது, அது கண்ணில் பட்டு ஏறத்தாழ 400 மில்லி நொடியில் மூளையின் மின் அலையில் ஒரு தனி இறக்கம் தெரியும் என்று குட்டாஸ், ஹில்யார்ட் என்ற இருவர் 1980இல் கண்டுபிடித்திருந்தார்கள். 2004இல் ஹாகூர்ட்டும் அவருடைய குழுவும் நெதர்லாந்தில் அதை வைத்து ஓர் அழகான சோதனை செய்தார்கள். அந்த நாட்டு ரயில்கள் மஞ்சள் நிறம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். "ரயில்கள் மஞ்சளாக இருக்கும்", "ரயில்கள் வெள்ளையாக இருக்கும்", "ரயில்கள் புளிப்பாக இருக்கும்" என்ற மூன்று வகை வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். புளிப்பான ரயில் என்பது சொற்பொருளிலேயே உதைக்கிறது. வெள்ளை ரயிலிலோ அகராதிப்படி ஒரு பிழையும் இல்லை, உண்மைதான் இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் மூளை ஏறத்தாழ ஒரே நேரத்தில், அதே 400 மில்லி நொடியில், அதே அலையைக் காட்டியது. சொற்பொருளுக்கு முதல் வரிசை, உலக அறிவுக்கு இரண்டாம் வரிசை என்று எதுவும் அங்கே இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: அந்த ரயிலைப் பார்த்தே இராத ஒருவர் "வெள்ளை" என்ற சொல்லைத் தடங்கலே இல்லாமல் படித்துவிட்டுப் போவார். இருவரும் ஒரே மொழிக்காரர்கள், ஒரே அகராதி, ஒரே வாக்கியம். ஆனால் ஒருவருக்கு உறுத்துகிறது, இன்னொருவருக்கு இல்லை. "நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்" என்று உங்களிடம் சொன்னவரும் தன் வாழ்க்கையில் சேர்த்துவைத்ததைக் கொண்டுதான் உங்கள் சொல்லைப் படித்திருப்பார். அவரிடம் வேறு எது இருக்கிறது?

அகராதியை நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை, என் மேசையிலும் அது இருக்கிறது. மக்கள் ஒரு சொல்லை எப்படியெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதன் பதிவேடு அது. அதைப் பார்க்காமலேயே எழுதுகிறவர்களும், அரைவரி படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களிடம் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் "புரியவில்லை" என்று வந்து கேட்கிறவர் அந்த ரகம் இல்லை, அவர் கவனமாகப் படித்ததால்தான் கேட்கிறார்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், அகராதியைப் புரட்டுவதற்கு முன் "நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சொல் அவரைத் திருப்பிவிட்டது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பொருளைத் தீர்மானிக்கும் குறிப்பு அந்தச் சொல்லுக்குப் பின்னால் கிடந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் சொல்லையே மாற்றுங்கள்.